ஆளில்லாத படங்கள்

என் தங்கை வீட்டுக்காரருக்கு ஸ்டூடியோ இருக்கிறது. பாஸ்போர்ட் படம், அடையாள அட்டைப் படம், கல்யாண ஜோடி, எல்லாம் எடுப்பார். படம் எடுக்கையில் கண்ணை மூடிவிட்ட மாப்பிள்ளைக்கு வேறு படத்திலிருந்து கண்ணைக் கொண்டுவந்து வைப்பார். செத்துப்போன அப்பாவை மணப்பெண் பக்கத்தில் நிறுத்தி, கோட்டும் மாட்டிவிடுவார். அதே மனுஷன் லீவு நாளானால் ஊருக்கு வெளியே பாறைக்காட்டுக்குப் போய், யாருமே இல்லாத படமாக எடுத்துத் தள்ளுவார். ஊரில் அவருக்குக் ‘காலிப்படம்’ என்றே பெயர்.

பாறைக்குள் ஒரு சனம் குடியிருக்கிறது, நம் கண்ணில் படாது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு உண்டு. பிள்ளைகளைப் பொழுதோடு வீட்டுக்கு வரவைக்க உதவும். இவர் அதைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தங்கை வீட்டுச் சுவரில் பெற்ற பிள்ளைகளுக்கு இடமில்லை. பாறை, பனிமூட்டம், குட்டை, மறுபடியும் பாறை.

“இதுல என்ன இருக்கு மாப்பிள்ளை?” என்று கேட்டேன்.

“இருக்காங்க அக்கா. தெரியமாட்டாங்க.”

“அப்ப வெறும் வெள்ளைத்தாளை மாட்டிட வேண்டியதுதானே?”

“வெள்ளைத்தாள்ல அவங்க இருக்கமாட்டாங்களே.”

இந்த ஆளிடம் என்னத்தைப் பேசுவது? தங்கையோ, “குடிக்கிறாரா, அடிக்கிறாரா? பாறையைத்தானே பார்க்கறார், விடு” என்பாள். எங்கள் வீட்டில் எதிர்பார்ப்பு அவ்வளவுதான்.

அப்புறம் புதுச்சாலைக்கு அளவெடுத்தார்கள். கோடு நேராக இரட்டைப் பாறை மேல் போனது. இவர் உயிரைக் கொடுத்துப் படமெடுத்த பாறை. மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. வேலையில் புத்தி இல்லாமல் ஒரு கல்யாணப் படத்தில் உயிரோடு இருக்கும் மாமனாரை இரண்டு தடவை நிறுத்திக் கொடுத்து, வாங்கிக் கட்டிக்கொண்டார்.

நகராட்சியில் கருத்துக் கேட்கும் கூட்டம் போட்டார்கள். படங்களை எல்லாம் தூக்கிக்கொண்டு போனார். பைத்தியம் ஏதாவது உளறினால் இழுத்து வர ஆள் வேண்டுமே என்று நானும் போனேன்.

சாலை இன்ஜினியர் அம்மா பொறுமையாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். “யாரும் இல்லையே சார்.”

“தெரியமாட்டாங்க மேடம்.”

கூடமே சிரித்தது. பின்னாலிருந்து ஒருத்தன், “அவங்களும் வந்திருந்தா உட்கார நாற்காலி போடுங்கப்பா” என்றான்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. “மக்கள் நம்பற இடம்னா ரோட்டை வளைச்சுப் போட விதி இருக்கு. நேர்ல பார்த்தவங்க ஒருத்தர் சொன்னாப் போதும். எழுதிக்கறேன்” என்று பேனாவைத் திறந்தார்.

இவர் வாயைத் திறக்கவில்லை. ஒரே ஒரு வார்த்தை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்துவிட்டேன்.

“நான் பார்த்திருக்கேன். அந்தப் பாறை ஓரமா ரெண்டு பேர். ஒருத்தி தலை வாரிட்டு இருந்தா.”

அந்த அம்மா எழுத ஆரம்பித்தார். இவர் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாக, “எழுதாதீங்க மேடம். அக்கா என்மேல இருக்கற பாசத்துல சொல்றாங்க. பாறையில இருக்கறவங்களை யாரும் பார்க்க முடியாது” என்றார்.

அடப்பாவி மனுஷா!

அந்த அம்மா பேனாவை மூடிவிட்டார். வெளியே வந்ததும் வாங்கினேன் ஒரு வாங்கு. “செத்தவருக்குக் கோட்டு மாட்டத் தெரியுது, நான் ஒரு பொய் சொன்னா வாயை மூடிட்டு இருக்கத் தெரியாதா?”

“அது கஸ்டமர் கேக்கறது அக்கா. பாறைக்காரங்க என்கிட்ட கேக்கலையே.”

சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்தில் அத்தனை பேர் முன்னால், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதார். பாறை போய்விடும் என்று தெரிந்தேதான் சொல்லியிருக்கிறார். வாயில் வந்ததை எல்லாம் சொல்லி அவரைக் கேலி செய்தவள் நான். அன்று பஸ் வரும்வரை அந்தக் காலிப்படங்களை நான்தான் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.