யாரும் படிக்காத கடிதம்

மெல்போர்னுக்குத் தென்கிழக்கே டாண்டினாங்கில் ஓடு பதிக்கிற ஹசாரா இன ஆப்கானியர்களில், சகிதாத் மாதிரி கைநேர்த்தி யாருக்கும் கிடையாது என்று மேஸ்திரி நவ்ரோஸ் சொல்வார். அப்படிப்பட்டவர், தான் ஏழு வருடமாகக் குடியிருந்த அறையில் சட்டை மாட்ட ஓர் ஆணிகூட அடித்ததில்லை. நாளைக்கே கிளம்பச் சொல்லிவிட்டால்?

ஆப்கானிஸ்தானில் அவர் வெளிநாட்டுப் படைக்கு ஜல்லி லாரி ஓட்டியவர். தாலிபான்கள் அவரைத் தேடிப் பேருந்தை மறித்தபோது, அதில் இருந்தது தம்பி கமர். அவனை இறக்கிக்கொண்டு போனார்கள். நான்காம் நாள் உடல்தான் கிடைத்தது. ஐந்து மாதக் கர்ப்பிணியான மனைவி குல்சமனைப் பாகிஸ்தானின் குவெட்டாவில் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு, சகிதாத் ஆஸ்திரேலியாவுக்குப் படகேறினார்.

அடைக்கலம் கேட்ட விண்ணப்பத்தை அதிகாரி மறுத்தார். மேல்முறையீட்டில் தீர்ப்பாயமும் மறுத்தது. தம்பியைப் பிடித்தது முதலில் இலையுதிர்காலம் என்றாராம், பிறகு குளிர்காலம் என்றாராம், ஆகவே நம்புவதற்கில்லை. அவர் நீதிமன்றத்துக்குப் போனார். முறை வர நான்கு வருடம். அதுவரை கையில் தற்காலிக விசா. வேலை பார்க்கலாம், மனைவியை அழைக்க முடியாது, நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வர முடியாது.

விசாரணை நாளில் வக்கீல் இல்லாமல், நவ்ரோஸின் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார். எழுந்ததுமே, "என் தம்பியைப் பேருந்துலேர்ந்து..." என்று தொடங்கினார். நீதிபதி கையை உயர்த்தி ஏதோ சொன்னார்.

பக்கத்திலிருந்த மொழிபெயர்ப்பாளர் பெண் தணிந்த குரலில் சொன்னாள்: "நீங்க சொல்றது நெஜமா பொய்யான்னு இவங்க பார்க்க மாட்டாங்களாம். உங்களை மறுத்தாங்கல்ல, அதைச் சட்டப்படி செஞ்சாங்களான்னு மட்டுந்தான் பார்ப்பாங்களாம்."

"அப்ப என் தம்பி செத்ததை நான் யார்கிட்டதான் சொல்றது?"

அவள் அதையும் மொழிபெயர்த்துவிட்டாள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். பிறகு, தீர்ப்பாயத்தில் என்னென்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

"ஊர்க்காரங்க பன்னெண்டு பேர் கைநாட்டு வெச்ச கடிதம் கொடுத்தேன். யாரைப் பிடிச்சாங்க, என்னைக்குப் பிடிச்சாங்கன்னு அதுல எல்லாம் இருக்கு."

நீதிபதி தாள்களைப் புரட்டி, கடிதத்தைக் கண்டுபிடித்தார். அரசாங்க வக்கீல் பக்கம் திரும்பினார். "மறுப்பு உத்தரவில் இதைப் பற்றி எங்கே இருக்கிறது?"

வக்கீல் தேடினார். எல்லாவற்றையும் குறிப்பிட வேண்டியதில்லை என்றார். மறுபடியும் தேடினார்.

மூன்று மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. முக்கியமான ஆதாரத்தைப் பார்க்காமலே எடுத்த முடிவு செல்லாது. நவ்ரோஸ் அவரைத் தூக்காத குறை.

"ஜெயிச்சுட்டியேடா! வீட்ல மந்து, கறிக் கொழுக்கட்டை அவிக்கச் சொல்லியாச்சு, வா."

"அப்ப விசா எப்பண்ணே வரும்?"

நவ்ரோஸ் கடைசித் தாளை வாசித்தார். சிரிப்பு போய்விட்டது. "திரும்ப அதே தீர்ப்பாயத்துக்கு அனுப்பறாங்களாம். வேற ஆள் மொதல்லேர்ந்து விசாரிப்பாராம்."

"எப்ப?"

"அது போடலை."

அன்று சாயங்காலம் குவெட்டாவுக்குப் போன் செய்தார். குல்சமனிடம் விஷயத்தைச் சொன்னார்.

"ஜெயிச்சவங்களுக்கே இந்தக் கதின்னா, தோத்தவங்களை என்னங்க பண்ணுவாங்க?"

"திருப்பி அனுப்பிடுவாங்க."

"மாகுல் பேசணுமாம்," என்று மகளிடம் கொடுத்தாள். அப்பாவை நேரில் பார்த்திராத அந்தப் பிள்ளை, ஒரு சலாம் சொல்லிவிட்டுப் போனை அம்மாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது.

புதிய விசாரணைத் தேதி வரப் பதினான்கு மாதம் ஆயிற்று. ஒரு சொல்கூடப் பிசகக் கூடாதென்று, ஓடு பதிக்கும்போதெல்லாம் சகிதாத் நடந்ததை வரிசையாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நாளாக ஆக, கமரை நினைத்தால் அவன் முகம் வருவதில்லை. அந்த வாக்குமூலத்தின் முதல் வரிதான் வந்தது.