நாற்காலிக்கு நெஞ்சு வலி

தான்சானியாவுக்கு வந்த பிறகு, உடம்பில் ஒன்றும் இல்லாமலே வாரம் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறேன். நோயாளியாக நடிப்பது என் வேலை. கிராமங்களில் இருக்கும் குடும்ப டாக்டர்களை, மாணவர்களுக்குப் பாடம் எடுக்க இங்கே பழக்குகிறார்கள். அதற்கு ஒரு நோயாளி வேண்டுமே. இராஜபாளையத்தில் மில் ஃபிட்டராக இருந்த என் கணவருக்கு இங்குள்ள நூல் மில்லில் வேலை கிடைத்து, கூட வந்தவள் நான். படிப்பு பத்தாவது. சந்தைக்குப் போய்வரும் அளவுக்குச் சுவாஹிலி. நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். பயிற்சிக்காகப் பக்கத்து வீட்டில் வந்து தங்கிய டாக்டரம்மா நேமாதான் கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

"ஏட்டி, சோறு கேட்டாத்தான ஒனக்கு நோவு வரும்? இனி கேக்காமலே வருமாக்கும்," என்று கணவர் சிரித்தார்.

"செத்த நேரம் சும்மா இருங்க."

ஒரு நாள் நேமாவுக்குத் தேர்வு. தேறினால்தான் அவருடைய மலையோர ஆஸ்பத்திரிக்கு மாணவர்களை அனுப்புவார்கள். இல்லாவிட்டால் அங்கே எப்போதும்போல அவர் ஒருவர்தான். மூன்று மாணவர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மூலையில், நேமாவுக்கு மதிப்பெண் போடும் தேர்வாளர். அதுவரை இருமல், காய்ச்சல்தான் நடித்திருந்தேன்; அன்று நெஞ்சு வலி. "என்ன செய்கிறது?" என்று ஒரு மாணவன் கேட்டான். சொல்லிக்கொடுத்ததெல்லாம் நினைவிருந்தது. கைதான் நெஞ்சுக்குப் போகவில்லை. பக்கத்து மர நாற்காலியின் சாய்மானத்தைத் தொட்டு, "இங்கே வலி," என்றேன்.

"உங்களுக்கா?"

"எனக்கில்லை."

மாணவர்கள் விழித்தார்கள். தேர்வாளர் பேனாவை மூடினார்.

எங்கள் ஊர்ப்பக்கம், தனக்கு இல்லாத நோயை யாரும் தன் உடம்பில் தொட்டுக் காட்டமாட்டார்கள்; நோய் ஒட்டிக்கொள்ளும் என்று மரத்தில்தான் தொட்டுக் காட்டுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் என் அக்கா, கொழுந்தனுக்கு ஆபரேஷன் செய்த இடத்தைக் கதவு நிலையில்தான் காட்டினாள். நான் மறந்துபோய் என் வயிற்றில் கை வைத்ததும் பட்டென்று தட்டிவிட்டாள். "கூறுகெட்டவளே, கைய எடு! ஒன் மேல வச்சா காட்டுவ?"

இதையெல்லாம் நேமாவிடம் சொல்ல எனக்குச் சுவாஹிலி போதாது. அவர் என்னைத் திருத்தவும் இல்லை. மாணவர்களிடம் திரும்பி, "இவர் எங்கே காட்டுகிறாரோ அங்கிருந்து கேளுங்கள்," என்றார். ஒரு மாணவி தயங்கித் தயங்கி நாற்காலியைப் பார்த்தாள். "இதற்கு எப்போது வலிக்கும்?"

"மேடு ஏறும்போது."

"கைக்கும் பரவுமா?"

நாற்காலியின் இடது கைப்பிடியைத் தடவினேன். மற்ற இருவரும் சேர்ந்துகொண்டார்கள். சிரிப்பும் கேள்வியுமாக, கேட்க வேண்டியது ஒன்றையும் விடவில்லை. தேர்வாளரும் எழுதத் தொடங்கினார்.

நேமா தேறிவிட்டார். மலையில் நடக்கப்போகும் முதல் வகுப்புக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார். "வாரேன்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன்; அவருக்குப் புரிந்தது.

இப்போது வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று பழகுகிறேன். நெஞ்சில் கை வைத்து, "கிஃபுவா கினனியுமா," என்று சுவாஹிலியில் சொல்ல வந்துவிட்டது. அதையே தமிழில் 'நெஞ்சு வலிக்குது' என்று சொல்ல வாயெடுத்தால், கை தானாக இறங்கிப் பக்கத்தில் மரம் எங்கே என்று தேடுகிறது.