இடது கை முடிச்சு

கினுகோ புதிதாக வந்தவளை மூன்றே வாரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். சதயோவுக்குச் செரிக்காமல் போனது அதுதான்.

சதயோ தனிகாவாவுக்கு அறுபத்து நான்கு வயது. ஜப்பானின் தகமாட்சு நகரில் ஒரு உதோன் நூடுல்ஸ் கடையில் பத்தொன்பது வருடமாக வேலை. விடிவதற்கு முன்பே போய், துணி போர்த்திய கோதுமை மாவைக் காலால் மிதித்துப் பதப்படுத்த வேண்டும். ஒன்பது மணிக்கு வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரயில் பாதையை ஒட்டிய நகரத் தோட்டத்துக்கு வந்துவிடுவாள். வியாழக்கிழமைகளில் அங்கே பாசித் தரையில் களை பிடுங்கும் தொண்டர் குழு ஒன்று உண்டு. பள்ளியில் ஆசிரியை எவ்வளவோ அடித்தும் அவளுடைய இடது கை முழுதாகத் திருந்தவில்லை. எழுதுவதும் சாப்பிடுவதும் வலது கைக்கு மாறின. களை பிடுங்குவதும் கயிறு கட்டுவதும் இடது கையோடே நின்றுவிட்டன.

கினுகோவைப் பதினொரு வருடத்துக்கு முன் அந்தக் குழுவில்தான் சந்தித்தாள். முதல் நான்கு வருடம் கினுகோவுக்கு அவள் குடும்பப் பெயரோடு வெறும் ‘தனிகாவா-சான்’. பிறகு சதயோவின் கணவர் இறந்தார். நாற்பத்தொன்பதாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த ஓர் இடத்துக்கு அவள் கினுகோவை அழைத்துப் போனாள். குளத்துக்குப் பின்னால், மூங்கில்களுக்கிடையே ஏழு படிக்கற்கள். அவை முடியும் இடத்தில் கூரை வேய்ந்த சின்ன பெஞ்சு. இருவர் உட்காரலாம். அங்கேதான் கினுகோ முதன்முதலாக, “அழணும்னா அழுதுடு, சதயோ-சான்,” என்றாள்.

மிசாவோ அசகுரா ஏப்ரலில் ஒசாகாவிலிருந்து குடிவந்தவள். கணவர் ஓய்வு பெற்றதும் சொந்த ஊருக்கு வந்திருந்தார்கள். மே மாதம் குழுவில் சேர்ந்தாள். களை பிடுங்கியதைவிடப் பேசியது அதிகம். ஆனால் அவள் பேசினால் கினுகோ சிரித்தாள். பாசி மேல் உட்கார்ந்துவிடும் அளவுக்குச் சிரித்தாள்.

ஒரு வியாழக்கிழமை கடையில் ஆள் குறைவென்று சதயோ சீக்கிரம் திரும்பிப் போக வேண்டியிருந்தது. அடுத்த வாரம் கினுகோ சொன்னாள்:

“போன வாரம் நீ போனப்புறம் மிசாவோ-சானை நம்ம எடத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். ‘இங்க உக்காந்தா வீட்ல ஒரு புருஷன் இருக்கறதே மறந்துபோகுது’ங்கறா. சிரிச்சு சிரிச்சு வயித்து வலி எனக்கு.”

“அசகுரா-சானையா சொல்றே?”

“அடப் போடி, அவளைப் போய் யாரு அசகுரா-சான்னு கூப்பிடுவா? போலீஸ்காரன் கூப்பிடற மாதிரி இருக்கு.”

“நல்லதாப் போச்சு,” என்றாள் சதயோ.

பொறாமைக்குப் பார்வை கூர்மை. சிக்கல் என்னவென்றால், அது பார்ப்பதெல்லாம் உண்மையாகவே இருக்கும். கினுகோ சிரித்தது உண்மை, பெஞ்சில் உட்கார்ந்தது உண்மை. அவற்றைச் சேர்த்து வைத்த கணக்கு மட்டும் சதயோவுடையது.

தோட்டத்தில் ஒரு பாதையை மூட வேண்டுமென்றால் வேலி போடுவதில்லை. தேங்காய் அளவுக் கல் ஒன்றைக் கறுப்புப் பனைநார்க் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, முதல் படிக்கல்லின் நடுவில் வைத்துவிடுவார்கள். குழந்தைகூடத் தாண்டிவிடலாம், ஆனால் யாரும் தாண்டுவதில்லை. கயிறு இற்றுப்போன கற்களுக்குப் புதுக் கயிறு கட்டுவதும் தொண்டர்களின் வேலைதான். அன்று கொட்டகையில் சதயோ ஒரு கல்லைக் கட்டினாள். எல்லாரும் கிளம்பிய பிறகு, அதை மூங்கில் பாதையின் முதல் படிக்கல்லில் வைத்தாள்.

அடுத்த வியாழக்கிழமை குளத்தின் இந்தப் பக்கம் குனிந்து களை பிடுங்கியபடி பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் பாதை வரை வந்தார்கள். கினுகோ நின்றாள், குனிந்து கல்லைப் பார்த்தாள். மிசாவோ, வீட்டுச் சொந்தக்காரரிடம் மன்னிப்புக் கேட்பதுபோல், கல்லுக்கு லேசாகத் தலை வணங்கினாள். இருவரும் திரும்பிவிட்டார்கள். சூடான சூப் இறங்கியதுபோல் சதயோவின் நெஞ்சுக்குள் இதமாக இருந்தது.

கல்லை யாரும் எடுக்கவில்லை. மழைக்காலம், பாசி இளசு, மிதிபடாமலிருக்க மூடியிருப்பார்கள் என்று எல்லாரும் எண்ணிக்கொண்டார்கள். தோட்டக்காரர் அலுவலகத்து ஆட்கள் வைத்ததாக நினைத்தார், அலுவலகத்தில் தோட்டக்காரர் வைத்ததாக நினைத்தார்கள். கினுகோவும் மிசாவோவும் வாசலருகே தேநீர்க் கடைக்கு இடம் மாறினார்கள். அவர்கள் சிரிப்பு இப்போது தோட்டம் முழுக்கக் கேட்டது.

மூன்றாவது வாரம், மழையில் களை பிடுங்கும் வேலை இல்லை. சதயோ தனியாக மூங்கில் பாதைக்குப் போனாள். தன் இடம், தான் வைத்த கல். தாண்டிப் போனால் கேட்க ஆளில்லை. ஆனாலும் கால் எழவில்லை. சின்ன வயதிலிருந்து இப்படிப்பட்ட கல்லைக் கண்டால் நின்று பழகிய கால். யார் வைத்தது என்று அது கேட்கவில்லை.

“மழையில நின்னு என்னடி பண்றே?”

கினுகோ குடையோடு பின்னால் நின்றாள்.

“சும்மாதான். இன்னும் மூடித்தான் வச்சிருக்காங்க, பாரேன்.”

“வச்சிருக்காங்களா!” கினுகோ குடை நுனியால் கயிற்றைத் தொட்டாள். “முடிச்சு எதிர்ப்பக்கமாத் திரும்பியிருக்கு. நம்ம குழுவில இடது கைக்காரி எத்தனை பேரு?”

சதயோவின் காது சூடேறியது. “எப்பத் தெரியும்?”

“மொத நாளே.”

“அவகிட்ட சொன்னியா?”

“என்னன்னு சொல்ல? ‘என் சிநேகிதிக்கு வயசு அறுபத்து நாலு, புத்தி நாலு’ன்னா?”

“எடுத்துப் போட்டிருக்கலாமே.”

“வச்சவதான் எடுக்கணும். நான் எதுக்கு எடுக்கறேன்?”

மழை மூங்கிலில் சடசடத்தது. சதயோ கல்லைப் பார்த்தபடியே சொன்னாள்: “என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட உனக்கு நாலு வருஷம் ஆச்சு.”

கினுகோ குடையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

“உன்னைப் பார்த்தா எனக்குப் பயம்,” என்றாள் பிறகு. “தப்பாக் கூப்பிட்டா நீ அப்படியே விலகிப் போயிடுவேன்னு. மிசாவோ-சான் போனா போகட்டும்னு இருக்கேன். அதான் வாயில சட்டுனு வருது.”

இது ஆறுதலா, அல்லது பல நாளாகக் கினுகோ மனதில் வைத்திருந்த குறையா என்று சதயோவுக்குப் பிடிபடவில்லை. இரண்டுமாகக்கூட இருக்கலாம்.

“அடுத்த வியாழக்கிழமை அவளும் வர்றா,” என்றாள் கினுகோ. “அதுக்குள்ள நீயே முடிவு பண்ணு.”

கினுகோ திரும்பி நடந்தாள். அவள் குடை குளத்தைச் சுற்றி மறையும்வரை சதயோ நின்றிருந்தாள். பிறகு இடது கையால் கல்லைத் தூக்கினாள். அடியில், அந்த மழையிலும், வட்டமாக ஓர் இடம் நனையாமல் வெளுத்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் நனைந்து கறுத்தது.

வியாழக்கிழமை மூன்று பேரும் ஏழு கற்களையும் கடந்து போனார்கள். சதயோவும் கினுகோவும் உட்கார்ந்ததும் பெஞ்சு நிறைந்துவிட்டது.

“நான் நிக்கறேன், நீங்க உக்காருங்க,” என்றாள் மிசாவோ. “ஒசாகா ரயில்ல நின்னே நாப்பது வருஷம். இன்னும் ஒரு கைப்பிடி மட்டும் மாட்டிக் குடுத்தீங்கன்னா தூங்கியே போயிடுவேன்.”

கினுகோ சிரித்தாள். சதயோவுக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். பிறகு கினுகோவின் பக்கம் ஒரு சாண் நகர்ந்து, ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டாள்.

“ஒடுங்கி உக்காந்தா மூணு பேரு உக்காரலாம், அசகுரா-சான்,” என்றாள்.

அசகுரா-சான் என்றுதான் சொன்னாள். பெயருக்கு இன்னும் நாலு வருடம் இருந்தது.