நான் சொல்லிக்கொடுத்த விசில்

அந்தத் தீவின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஒருவரிடம் சொன்னதே போதும்.

செல்வம் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பனமரத்துப்பட்டி ஏரிக்குப் பறவை பார்க்கப் போவோம். அந்தப் பழக்கத்தில்தான் போன வருடம் அவரைத் தீவுக்கு அழைத்துப் போனேன். உலகத்திலேயே அந்தத் தீவின் காட்டில் மட்டும் வாழும் பாட்டுக்காரப் பறவை ஒன்று உண்டு. அதன் குரலில் விசிலடித்தால், தன் இனம் கூப்பிடுகிறதென்று கிளை கிளையாக இறங்கி வந்துவிடும். அந்த விசிலை அவருக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

போன மாதம் அவர் வீட்டு மாடிப்படி ஏறும்போதே அந்தக் குரல் கேட்டது. செல்போனில் போட்டிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். மேலே போனால், ஒரு கூண்டு. வால் இறகுகள் ஒடிந்து, உள்ளே அது!

“மறுபடியும் தனியாப் போனனுங்க. நீங்க சொல்லிக்குடுத்த விசில்தானுங்க, ஒரே தடவை அடிச்சேன், பக்கத்துல வந்துருச்சு” என்றார் சிரித்தபடி. என்னைப் பாராட்டுகிறாராம்!

அவர் எதிரிலேயே வனத்துறைக்குப் போன் போட்டேன்.

அவர் முகம் கறுத்துவிட்டது. “ஏனுங்க, உங்கள நம்பித்தானுங்களே ஊட்டுக்குள்ள உட்டேன்?”

நம்பிக்கையைப் பற்றி யார் பேசுவது! திட்ட வாயெடுத்தேன். அப்போது கூண்டிலிருந்து அது ஒருமுறை கூப்பிட்டது. பதில் கொடுக்க என் உதடுகள் தானாகக் குவிந்தன.

விசில் வரவில்லை. இன்றுவரை நான் எங்கேயும் அடிக்கவில்லை.