தோணி வண்டிக்கு ரப்பர் சக்கரம்

எங்கள் வீட்டில் ஒரு தோணி இருந்தது என்று சொன்னால் தென்காசிக்காரர்களே சிரிப்பார்கள். கடலுக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்? அருவியில் தோணி விட முடியுமா? ஆனாலும் இருந்தது. ஆயினிப் பலகையில் செய்தது. மூன்று பேர் உட்காரலாம். அப்பா மலையாள தேசத்திலிருந்து வாங்கி வந்திருந்தார். குளங்களில் தாமரை இலை அறுப்பதற்குத்தான் அது. குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் சாப்பாட்டுக் கடைகளுக்கு வாழை இலை எத்தனை வந்தாலும் காணாது. அப்போது எங்கள் தாமரை இலைக்கு மவுசு வந்துவிடும். கீழப்பாவூர்க் குளம், இலத்தூர்க் குளம், நடுவில் உள்ள சின்னக் குளங்கள் என்று எங்கே குத்தகை எடுத்திருக்கிறோமோ அங்கெல்லாம் தோணியைக் கொண்டுபோக வேண்டும். தண்ணீரில் ஒரு விரலால் தள்ளினால் நகர்கிற தோணி, கரையேறிவிட்டால் பிணக்கனம் கனக்கும்.

அதைச் சுமக்க ஒரு வண்டி வைத்திருந்தோம். பெரிய மரச் சக்கரம், அதற்கு இரும்புப் பட்டா, இழுக்க இரட்டை மாடு. சக்கரம் பெரிதாக இருந்ததால் வண்டித் தட்டு நெஞ்சு உயரத்தில் இருக்கும். தோணியைத் தூக்கி வைக்க நாலு பேரைக் கூப்பிட வேண்டும். வைத்தபின் பாரமெல்லாம் முன்பக்கம் சாய்ந்து மாடுகளின் கழுத்தில் வந்து உட்காரும். வலப்பக்கம் பூட்டுகிற செவலை இளங்காளை, அது தாங்கிக்கொண்டது. இடப்பக்கத்து மயிலைக்கு வயசாகிவிட்டது. நுகத்தடி உராய்ந்து உராய்ந்து அதன் கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண்.

மயிலை என் மனைவியின் பிறந்த வீட்டுச் சீர். கல்யாணமாகிப் பண்பொழியிலிருந்து அவள் வந்த அன்று வண்டிக்குப் பின்னால் கட்டிக் கொண்டுவந்த கன்று. அதன்மேல் யாராவது கம்பை ஓங்கினால் அவளுடைய அப்பாவையே அடிக்கப் போன மாதிரி கோபம் வரும் அவளுக்கு. தினமும் சாயங்காலம் கோழி இறகில் வேப்பெண்ணெயைத் தொட்டு அந்தப் புண்ணில் தடவுவாள். ஒரு நாள் தடவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

“இதுக்கு மட்டும் வாய் இருந்தா, நாக்கப் புடுங்கிக்கிடுத மாதிரி உங்களை நாலு கேள்வி கேட்டிருக்கும்.”

எனக்குச் சுருக்கென்றது. எனக்கு ரோஷம் வந்தால் சும்மா இருக்க முடியாது. அது என் சுபாவம். அப்போது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் ஒரு பண்ணையாரின் மோட்டார் கார் கொட்டகையில் கிடந்தது. அதற்குள் கோழிகள் அடைந்துகொண்டிருந்தன. அப்பாவை நச்சரித்து, அந்தக் காரின் முன் அச்சையும் இரண்டு ரப்பர் சக்கரங்களையும் வாங்கி வந்தேன். கார் சக்கரம் இங்கும் அங்கும் திரும்பும். வண்டிச் சக்கரம் திரும்பக் கூடாது. அதற்கு ஓர் இரும்புப் பட்டையைக் குறுக்கே வைத்து அசையாமல் முடுக்கினேன். பஞ்சரான டியூபுகளை நானே ஒட்டினேன். பழைய வண்டியைப் புறவாசலில் போட்டுப் பிரித்துச் சட்டங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

துளை போடத் தச்சர்கள் வைத்திருக்கிற தமரூசி எல்லாம் என்னிடம் இல்லை. சமையலறை அடுப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, மரத்தில் ஊன்றிச் சுட்டுத்தான் ஒவ்வொரு துளையும் போட்டேன். அடுப்புக்கும் புறவாசலுக்குமாக இடுக்கியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடியவள் அவள்தான். வீடு முழுக்கக் கருகல் வாடை. சோறு இறக்க நேரமாகும்.

“வண்டி கெட்டுதியளா, கோயில் தேரு கெட்டுதியளா?” என்பாள். “சீசன் முடிஞ்ச பெறவுதான் இது தெருவுல எறங்கும் போல.”

ஆனால் அவள் முகத்தில் அந்த நாட்களில் ஒரு வெளிச்சம் இருந்தது. யாருக்காக இந்தப் பாடு என்று அவளுக்குத் தெரியும். தோணி வழுக்கி ஏறுவதற்கு வண்டியின் பின் விளிம்பில் ஓர் உருளை வேண்டுமென்று நான் மண்டையை உடைத்துக்கொண்டபோது, தேய்ந்த உலக்கை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்ததும் அவள்தான். பொருத்திப் பார்த்தேன். உலக்கை உருண்டது, தோணி அதன்மேல் ஏறித் தட்டில் போய் அமர்ந்தது. தட்டும் இப்போது முழங்கால் உயரம்தான். நாலு பேர் செய்த வேலையை நான் ஒருவனே செய்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கடைசியாக ஒரு காரியம் செய்தேன். மயிலைக்கு இரக்கப்பட்டுத்தான் செய்தேன் என்பதை யாரிடம் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். இரட்டை மாட்டுக்கு நடுவில் வருகிற ஏர்க்காலைக் கழற்றி வைத்துவிட்டு, ஒற்றை மாடு உள்ளே நிற்கிற மாதிரி இரண்டு பக்கமும் கைமரம் வைத்தேன். புண் ஆறும்வரை செவலை மட்டும் இழுக்கட்டும், ஆறியபின் ஏர்க்காலைத் திரும்ப மாட்டிக்கொள்வோம் என்பது என் எண்ணம்.

முதல் ஓட்டம் குற்றாலம் ரோட்டில். தோணியை ஏற்றிச் செவலையைப் பூட்டி மேட்டில் விட்டேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. மேடு என்பதே மாட்டுக்குத் தெரியவில்லை, எட்டி நடை போட்டது. அருவிக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். இலை வாங்குகிற கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள். அப்பாவும் கூட வந்திருந்தார்.

“இனி ரெண்டு மாடு எதுக்கு? ஒத்த மாடு போதும்லா! கண்ணை மூடிக்கிட்டு இழுக்கும்!” என்று நாலு பேர் நடுவில் நின்று கத்தினேன். தவளையும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளை கெட்டால் தவளையோடு போயிற்று.

அந்தச் சீசன் முழுக்க மயிலை மாட்டுக் கொட்டத்தில் நின்றபடி தின்றது. வேப்பெண்ணெயும் ஓய்வும் சேர்ந்து புண் காய்ந்து, பொருக்கு உதிர்ந்து, புது மயிர் முளைத்தது. அவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். நானும் தடவிப் பார்த்தேன். வாழ்க்கையில் உருப்படியாக ஒன்று செய்துவிட்டோம் என்று அன்று நினைத்தேன்.

சீசன் முடிந்தது. அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. வைக்கோல் விலை ஏறிக்கொண்டே போயிற்று. ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு அப்பா சொன்னார்.

“மயிலையைக் குடுத்துருவோம்லே.”

“எதுக்குப்பா?”

“எதுக்கா? நீதானலே குத்தாலத்துல நின்னு ஊரு கேக்கச் சொன்னே, ஒத்த மாடு போதும்னு. சும்மா நிக்கிற மாட்டுக்கு எத்தனை நாளைக்குலே வைக்கோல் போட?”

“ஏர்க்காலைத் திரும்ப மாட்டி ரெண்டையும் பூட்டுதேம்ப்பா.”

“ஒண்ணு இழுக்குத வண்டிக்கு ரெண்டைப் பூட்டவா? பைத்தியக்காரனாலே நீ?” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எனக்கு மட்டும் விக்க ஆசையாலே? இருக்குத வைக்கோலு செவலைக்கே காணாது.”

அவர் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. பழைய வண்டி இருந்திருந்தால் மயிலை இல்லாமல் தோணி நகராது. வைக்கோலைக் கடன் வாங்கியாவது போட்டிருப்போம். புண்ணோடு இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. மாடு விற்கிற விஷயத்தில் பெண்களிடம் யார் கேட்டார்கள்? மறுநாள் நான் புறப்படும்போது மட்டும் வாசலில் வந்து நின்றாள்.

“கெழக்க போற சம்சாரிக்குக் குடுங்க. வெல கொறஞ்சாலும் பரவாயில்ல. மேற்க மட்டும் குடுத்துராதிய.”

எங்கள் பக்கத்தில் மாடு விற்கிறவர்கள் திசை பார்ப்பார்கள். கிழக்கே, பயிர் வைக்கிற சம்சாரியிடம் போகிற மாடு ஏரில் நிற்கும். மேற்கே, செங்கோட்டை தாண்டிக் கணவாய் வழியாக மலையாளத்துக்குப் போகிற வயசான மாடு எங்கே போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு மயிலையைப் பிடித்துக்கொண்டு சந்தைக்கு நடந்தேன்.

உச்சிவேளை தாண்டியும் சம்சாரி எவரும் வயசான மாட்டின் பக்கம் திரும்பவில்லை. பல்லைப் பார்த்ததும் நகர்ந்துவிட்டார்கள். பிறகு ஒருவர் வந்தார். கீழப்பாவூர் தாண்டி ஊர் என்றார், இரண்டு உழவுக்கு ஆகும் என்றார். பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை. குளம்பைத் தூக்கிப் பார்க்கவில்லை. உழவுக்கு வாங்குகிறவன் கை முதலில் கழுத்துக்குத்தான் போகும். நுகம் உட்காருகிற இடத்தைத் தடவாமல் எவனும் மாடு வாங்கமாட்டான். நாங்கள் அத்தனை பாடுபட்டு ஆற்றிய அந்தக் கழுத்தை அவர் பார்க்கவே இல்லை. தொடையை அமுக்கினார். விலாவைக் கிள்ளிச் சதை எவ்வளவு தேறும் என்று பார்த்தார்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வெயில், பசி, மாட்டைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போனால் அப்பா பார்க்கிற பார்வை, எல்லாம் சேர்ந்தது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து எங்கள் இருவர் கையின்மேலும் போட்டார். துண்டுக்கடியில் என் விரல்களைப் பிடித்து விலை சொன்னார். சம்மதமில்லை என்றால் விரலை இழுத்துக்கொள்ள வேண்டும், நான் இழுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், “யாருக்குக் குடுத்திய?” என்றாள்.

“கெழக்க, ஒரு சம்சாரிக்கு.”

“நல்ல மனுசனா?”

“நல்ல மனுசன்தான்.”

அன்றைக்கு அவள் எனக்குத் தயிர் ஊற்றிச் சோறு போட்டாள். அதை எப்படித் தின்றேன் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

சில நாட்கள் கழித்து இலத்தூர்க் குளத்துக்குப் போனோம். வற்றுவதற்குமுன் மிச்சமிருந்த இலையை அறுத்துவிட வேண்டும் என்று அப்பா அவசரப்படுத்தினார். இலை அடுக்கிக் கட்ட அவளும் வந்திருந்தாள். நான் தோணியை இறக்குவதற்காக, “ஹோ, ஹோ” என்று சத்தம் கொடுத்துச் செவலையைக் கரையில் பின்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தேன். மேற்கே போகிற மாட்டு மந்தை ஒன்று தண்ணீர் காட்டுவதற்காக ரோட்டிலிருந்து குளத்துக்கு இறங்கிற்று. அந்த வழியாகப் போகிற மந்தைகள் எல்லாம் அங்கேதான் இறங்கும். அதை நான் யோசித்திருக்க வேண்டும்.

மயிலை அதில் இருந்தது. என் சத்தம் கேட்டிருக்க வேண்டும். தண்ணீர் குடிக்காமல் மந்தையை விட்டு விலகி நேராக வந்தது. என்னிடம்கூட வரவில்லை. வண்டிக்கு முன்னால் போய், செவலைக்கு இடப்பக்கம், கைமரத்துக்கு வெளியே ஒட்டி நின்றது. நின்று தலையைத் தாழ்த்திக் கழுத்தை நீட்டிற்று. நுகத்தடி வைக்கிறவரை வண்டி மாடு அப்படித்தான் நிற்கும். அங்கே நுகத்தடி இல்லை. அது நிற்பதற்கு அந்த வண்டியில் இடமே இல்லை. அப்படித்தான் நான் செய்து வைத்திருந்தேன்.

இலைக்கட்டைக் கீழே போட்டுவிட்டு அவள் வந்தாள். மயிலையைப் பார்த்தாள், மந்தையைப் பார்த்தாள், அது போகிற திசையைப் பார்த்தாள். கடைசியாக என்னைப் பார்த்தாள். அவள் முன்பு சொன்ன அந்த நாலு கேள்வியையும் அப்போது கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

ஓட்டிவந்தவன் ஓடிவந்து ஓர் அடி போட்டான். அது அசையவில்லை. இன்னோர் அடி போட்டான்.

“அடிக்காதப்பா. இத எங்கிட்டயே குடுத்துருதியா?” என்றேன்.

“நான் ஓட்டுகூலிக்காரன் அண்ணாச்சி. மொதலாளி ரயில்ல முன்னால போயாச்சு. தலைக்கணக்குல ஒண்ணு கொறஞ்சா எனக்குக் கூலி கெடையாது.”

நானும் அடுத்த ரயிலைப் பிடித்துப் போயிருக்கலாம், முதலாளியைத் தேடியிருக்கலாம். அதெல்லாம் அப்போது தோன்றவில்லை என்று சொன்னால் பொய். தோன்றியது. கூடவே அப்பாவின் முகமும் காலியான வைக்கோல் படப்பும் தோன்றின. நான் செவலையின் கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன்.

அவன் மறுபடியும் கம்பை ஓங்கினான். பிறகு என்னையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினான். நல்லவன்தான். “உங்க மாடா அண்ணாச்சி? அடிச்சா கேக்காது போலிருக்கு. நீங்களே ஒரு சத்தம் குடுத்துருங்க. புண்ணியமாப் போவும்.”

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அதன் முதுகில் கையை வைத்தேன்.

“ஹை. போ ராசா, போ.”

மயிலை தலையை நிமிர்த்தியது. அடிக்கு அசையாத மாடு, என் ஒரு சொல்லுக்கு மேற்கே திரும்பி நடந்தது.