இருமினால் எரியும் பல்பு

ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் எனக்குக் காது போனது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சத்தங்களுக்கெல்லாம் அப்பா, என் நைனாதான் பொறுப்பு. கதவைத் தட்டினாலும் குக்கர் விசில் அடித்தாலும் வந்து என் தோளைத் தொடுவார். அம்மா போன பிறகு சிங்கப்பெருமாள் கோயில் வாடகை வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவர் ஆட்டோ ஓட்டப் போன நேரத்தில் சோறு குழைந்தது, வந்தவர்கள் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

எனக்கு ரோஷம் வந்தது. தொழிற்சாலையில் நாள் முழுக்க சர்க்யூட் போர்டுக்கு ஈயம் வைக்கிறவளுக்கு, சொந்த வீட்டில் ஒரு பல்பு எரிய வைக்கத் தெரியாதா? முதலில் காலிங் பெல்லுக்கு ஒன்று. பிறகு அடுப்படியில் மைக் வைத்து, விசிலுக்கு ஒரு சிவப்பு பல்பு. அந்தச் சமயம் நைனா ஆட்டோவை விட்டுவிட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்திருந்தார். அவர் கட்டிலருகே ஒரு மைக் வைத்தேன். அங்கே சத்தம் வந்தால் என் அறையில் நீல பல்பு எரியும்.

எரிந்தது. ஓயாமல் எரிந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் இருமல். வேலைக்குக் கிளம்பும்போது எரிந்தால் பையை வைத்துவிட்டு அவரை டாக்டரிடம் கூட்டிப்போவேன். ஒரே மாதத்தில் நான்கு லீவு. இன்னொரு லீவு போட்டால் நிரந்தரம் செய்யும் பட்டியலில் உன் பெயர் இருக்காது என்று சூப்பர்வைசர் எழுதிக் காட்டினார். அதை நைனாவிடம் போய்ப் புலம்பினேன். புலம்பாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த வாரத்திலிருந்து பல்பு எரிவது குறைந்தது. மருந்து வேலை செய்கிறது என்று எனக்கு ஏக சந்தோஷம். முன்பெல்லாம் அவர் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். தோள் லேசாகக் குலுங்கினாலே கண்டுபிடித்துவிடுவேன். இப்போது பல்பு இருக்கிறதே என்று போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அவர் சட்டை தொளதொளத்தபோதுகூட, அளவு தப்பாக வாங்கிவிட்டோம் என்றேன். காற்று வாங்கப் போகிறேன் என்று அவர் அடிக்கடி மொட்டை மாடிக்குப் போனார். நானும் நல்லது என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிப்படியில் விழுந்தார். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தபோது இரண்டு நுரையீரலிலும் ஒன்றும் மிச்சமில்லை. பதினோரு நாள் இருந்தார்.

காரியம் முடிந்த அன்று, மேல் வீட்டு அக்கா என் எதிரே உட்கார்ந்து, உதடு எனக்குப் புரிய மெதுவாகச் சொன்னார்: "உங்க நைனா மாடில வந்துதாம்மா இருமிகினு இருப்பாரு. வாய்ல துண்ட வச்சிகினு. கீழ போயி படேன் நைனான்னா, 'அங்க இருமுனா லைட்டு எரியுது, கொயந்த வேலைக்குப் போவாம ஒக்காந்துக்குது'ம்பாரு. உன்னாண்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு."

காது கேட்காத பெண்ணின் வீட்டில் அந்த மனுஷர், நான் பல்பு மாட்டும்வரை வாய்விட்டு இருமிக்கொண்டிருந்தார். ஒளிந்து இரும வைத்தது நான்தான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான் என்னுடையது. அவர் போன பதினெட்டாம் நாள் என்னை நிரந்தரமாக்கினார்கள். அந்தக் கடிதத்தை இன்னும் முழுதாகப் படிக்கவில்லை.

போன மாதம் கோவளத்தில், காது கேளாத ஒரு தம்பதிக்கு, குழந்தை அழுதால் எரியும் பல்பு ஒன்று செய்து கொடுத்தேன். தொட்டிலுக்குப் பக்கத்தில் மைக்கை மாட்டிவிட்டு, பல்பு எரியாவிட்டாலும் அடிக்கடி குழந்தையை எட்டிப் பாருங்கள் என்று சைகையில் சொன்னேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அதுகூடவா தெரியாது என்று சைகையில் கேட்டாள்.

எனக்கு அது தெரியாமல் போனது என்று சொல்லக் கை எழவில்லை. மைக்கின் திருகை இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டு, பஸ் பிடிக்கக் கிளம்பினேன்.