சிரிக்காத டொக்டர்

முழங்கால் வலி தாங்காமல், சுவிஸில் நாங்கள் இருக்கும் வின்டர்தூரில் வைத்தியரிடம் போனேன். முதலில் பார்த்து மருந்துச் சீட்டு எழுதியவள் அவருடைய உதவி வைத்தியர். யாழ்ப்பாணத்தாரின் பிள்ளை, இங்கேயே பிறந்தவள்.

"ஆச்சி, வேற மருந்து ஏதும் எடுக்கிறீங்களோ?"

"ஓம் பிள்ளை, மருமகள் தாற கோப்பி. அதைக் குடிச்சும் உயிரோட இருக்கிறன்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வேறு மருந்து இல்லை என்று பதிந்துவிட்டு வலிக் குளிசை எழுதினாள். பகிடி பலித்த சந்தோசத்தில் நானும் கேட்டதற்குச் சரியான பதிலைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

கையெழுத்துப் போட வந்த டொக்டர், நான் சொன்னதை அப்படியே ஜேர்மன் மொழியில் சொல்லச் சொல்லி அவளிடம் கேட்டார். சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"இது பதில் இல்லை. திரும்பக் கேளுங்கள்."

அவள் திரும்பக் கேட்டாள்.

"இரத்தம் உறையாமல் இருக்க ஒரு குளிசை போடுறன், பிள்ளை."

அவள் முகம் வெளுத்துப்போனது. இரண்டையும் சேர்த்துப் போட்டால் வயிற்றுக்குள் இரத்தம் கசியுமாம். வெளியே தெரியவும் மாட்டாதாம். டொக்டர் சீட்டைக் கிழித்தார்.

மாதங்கள் போய்விட்டன. இன்றும் யாராவது என் பகிடிக்குச் சிரித்தால் அந்தக் காகிதம் கிழிந்த சத்தம் காதில் கேட்கிறது.

இப்போது குளிசைப் பெட்டிகளை எல்லாம் பையோடு கொண்டுபோய் மேசையில் கொட்டுகிறேன். பகிடி விடுவதென்றால், டொக்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான்.